நோ சிங்க் காட்டும் போர்ட், ஏறிக்கொண்டே போகும் சிஆர்சி: வேகத்தைப் பூட்டலாமா, ஆட்டோவில் விடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மேலே படிக்காமல் அதைச் சொல்லிவிடுங்கள். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் சர்வர்களை ஸ்டோரேஜோடு ஒளியிழைக் கேபிளால் இணைக்கும் ஃபைபர் சேனல் வலைக்கு, 24 போர்ட் கொண்ட 2 புதிய ப்ரோகேட் ஸ்விட்சுகளை வைத்திருக்கிறீர்கள். ஒன்று ஏ ஃபேப்ரிக், மற்றது பி ஃபேப்ரிக், அதாவது ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் இரண்டு தனித்தனி வலைகள். எல்லாப் போர்ட்டிலும் 32 ஜி (ஜிகாபிட்) எஸ்எஃப்பி, அதாவது ஒளியை அனுப்பவும் பெறவும் போர்ட்டில் செருகும் சிறு மாட்யூல். புதிய ஸ்டோரேஜும் வந்துவிட்டது. பழைய சர்வர்களைப் பழைய கேபிளோடு அப்படியே பிடுங்கி இங்கே செருகினீர்கள். 5-ஆம் போர்ட்டில் இருக்கும் பழைய டேட்டாபேஸ் சர்வர் ‘நோ சிங்க்’ என்று நிற்கிறது. 9-ஆம் போர்ட்டில் புதிய ஸ்டோரேஜ் ‘ஆன்லைன்’ என்று வந்துவிட்டது, ஆனால் சிஆர்சி பிழை, அதாவது வழியில் கெட்டுப்போன தரவின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போகிறது. 20-ஆம் போர்ட் லைசன்ஸ் இல்லை என்கிறது. ஸ்டோரேஜ் விற்ற நிறுவனத்தின் பொறியாளர் வேகத்தை 16-இல் பூட்டச் சொல்கிறார். உங்கள் மூத்தவர் எதையும் தொடாதே, ஆட்டோவில் விடு என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு போர்ட்டில் எதை மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம்? வேலைக்குச் சேர்ந்து 7 மாதம் ஆனவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் எனக்கும் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. கட்டளைகளின் பட்டியலைக் கொடுத்தார்கள், எப்போது எதைக் கொடுப்பது என்பதைக் கொடுக்கவில்லை. 18 ஆண்டுகளாக இதே ஊரில் ஸ்டோரேஜ் வலைகளைப் பார்த்துவருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

5-ஆம் போர்ட்டில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதற்கு மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத விடை இருக்கிறது. அந்த சர்வரின் ஹெச்பிஏ கார்டு (சர்வரை இந்த வலையோடு இணைக்கும் கார்டு) 4 ஜி என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபைபர் சேனல் எஸ்எஃப்பி ஒன்று தன் சொந்த வேகத்தையும் அதற்குக் கீழே உள்ள 2 தலைமுறைகளையும் மட்டுமே பேசும். 8 ஜி எஸ்எஃப்பி 8, 4, 2 பேசும். 16 ஜி எஸ்எஃப்பி 16, 8, 4 பேசும். உங்களிடம் இருக்கும் 32 ஜி எஸ்எஃப்பி 32, 16, 8 ஆகியவற்றோடு நின்றுவிடும். 4 ஜி கார்டும் 32 ஜி எஸ்எஃப்பியும் சந்திக்கும் பொதுவான வேகம் எதுவும் இல்லை. ஆட்டோவில் விட்டாலும் வராது, எந்த வேகத்தில் பூட்டினாலும் வராது. கேபிளை மாற்றினாலும் சர்வரை மறுதொடக்கம் செய்தாலும் வராது. அந்தப் போர்ட்டில் 16 ஜி எஸ்எஃப்பியைச் செருகினால் இரண்டும் 4-இல் கைகுலுக்கும். உங்கள் 32 ஜி ஸ்விட்ச் 16 ஜி எஸ்எஃப்பியை ஏற்றுக்கொள்ளும். ஆக, உங்கள் மூத்தவரும் அந்தப் பொறியாளரும் வாதாடும் விஷயத்துக்கும் 5-ஆம் போர்ட்டுக்கும் தொடர்பே கிடையாது. கார்டு 4 ஜி என்பதை அது வந்த அட்டைப் பெட்டியைப் பார்த்துச் சொன்னீர்களா, இயங்குதளத்திடம் கேட்டுச் சொன்னீர்களா என்பது உங்கள் கேள்வியில் தெளிவாக இல்லை. பெட்டியும் உள்ளிருக்கும் கார்டும் வேறாக இருந்ததை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். எனவே சர்வருக்குள் போய்க் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த ‘நோ சிங்க்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘ஸ்விட்ச்ஷோ’ கட்டளை ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு நிலையைச் சொல்கிறது. பலரும் அதில் ‘ஆன்லைன்’ இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிறார்கள். மற்ற சொற்களை ஒரு படிக்கட்டாகப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். ‘நோ மாட்யூல்’ என்றால் எஸ்எஃப்பியே இல்லை, அல்லது சரியாக உட்காரவில்லை. ‘நோ லைட்’ என்றால் எஸ்எஃப்பி இருக்கிறது, எதிரிலிருந்து ஒளி வரவில்லை. மறுமுனையில் கார்டு அணைந்திருக்கலாம், கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது இரண்டு இழைகளும் இடம் மாறி, அனுப்புவதும் அனுப்புவதும் எதிரெதிரே நிற்கலாம். ‘நோ சிங்க்’ என்றால் ஒளி வருகிறது, அதிலிருந்து எழுத்துகளைப் பிரித்துப் படிக்க முடியவில்லை. வேகம் பொருந்தாமல் இருப்பது அதற்கு முதல் காரணம், ஒளி மிக மங்கலாக இருப்பது அடுத்தது. ‘இன் சிங்க்’ என்றே நின்றுவிட்டால் எழுத்துகள் படிக்கக் கிடைக்கின்றன, ஆனால் அதற்கு மேல் இணைப்பைத் தொடங்கும் பேச்சு நிறைவேறவில்லை. ‘ஆன்லைன்’ என்று வந்த பிறகுதான் அதன் பக்கத்தில் எஃப் போர்ட்டா (எதிரில் சர்வரோ ஸ்டோரேஜோ), இ போர்ட்டா (எதிரில் இன்னொரு ஸ்விட்ச்) என்ற சொல்லும், எதிரில் இருப்பதன் 16 இலக்க உலகளாவிய பெயரும் வரும். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால் அதற்குக் கீழுள்ள படிகளை மறந்துவிடலாம், மேலுள்ளவற்றை இப்போதைக்குத் தொட வேண்டியதில்லை. ‘நோ லைட்’ காட்டும் போர்ட்டுக்கு சோனிங்கைத் திருத்திக்கொண்டிருக்கும் இளைஞர்களை இன்றும் பார்க்கிறேன். சோனிங் என்பது ‘ஆன்லைன்’ ஆன பிறகு, யார் யாரைப் பார்க்கலாம் என்று சொல்லும் ஏற்பாடு. ஒரு போர்ட் எழுந்திருப்பதற்கு அது தேவையே இல்லை.

இனி 9-ஆம் போர்ட். இதுதான் உங்கள் கேள்வியிலேயே ஆழமான பகுதி. அந்தப் பொறியாளர் சொன்னபடி 16-இல் பூட்டினால் பிழை நின்றுவிடக்கூடும் என்றே நினைக்கிறேன். அது நின்றுவிடும் என்பதாலேயே எனக்குக் கவலையாக இருக்கிறது. ஸ்டோரேஜ் அறையிலிருந்து ஸ்விட்ச் ரேக்குக்குப் பழைய ஆரஞ்சு நிற கேபிள் சுமார் 30 மீட்டர் ஓடுகிறது என்று ஒரே ஒரு வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். நான் முதலில் படித்துவிட்டு அந்த வரிக்குத்தான் திரும்பி வந்தேன். ஆரஞ்சு உறை ஓஎம்1, ஓஎம்2 என்ற பழைய தரத்து ஒளியிழைக் கேபிள்களுக்கு உரியது. ஓஎம்2 கேபிளில் 8 ஜி வேகத்துக்கு 50 மீட்டர் வரை ஒப்புதல் உண்டு. 16 ஜி என்றால் 35 மீட்டர். 32 ஜி என்றால் 20 மீட்டர்தான். உங்கள் 30 மீட்டர் கேபிள் நேற்றுவரை 8 ஜியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கும், 16-இலும் எல்லைக்குள் நிற்கும், 32-இல் எல்லையைத் தாண்டிவிட்டது. நீல-பச்சை உறையில் வரும் ஓஎம்3 என்றால் 32 ஜிக்கு 70 மீட்டர், ஓஎம்4 என்றால் 100 மீட்டர். உறையின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். உறையின் மேல் சிறிய எழுத்தில் 50/125 என்றோ 62.5/125 என்றோ அச்சிட்டிருக்கும், கைபேசி விளக்கைக் காட்டிப் படியுங்கள். 62.5 என்றிருந்தால் அது ஓஎம்1. அப்படியானால் 16-இல் பூட்டினாலும் எல்லைக்குள் வராது, 30 மீட்டர் அதற்கு அதிகம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 32 ஜி இணைப்பில் பிழை திருத்தும் ஏற்பாடு கட்டாயமாகவே உள்ளே இருக்கிறது. வழியில் சில பிட்டுகள் கெட்டாலும் பெறும் முனை அதைத் தானே சரிசெய்துவிடும். அதையும் மீறி உங்கள் கண்ணுக்கு சிஆர்சி பிழை தெரிகிறது என்றால் திருத்தக்கூடிய அளவைத் தாண்டிக் கெடுகிறது என்று பொருள். இதைச் சிறிய பிழை என்று ஒதுக்க முடியாது.

ஆனாலும் கேபிள்தான் குற்றவாளி என்று நான் தீர்ப்பு எழுதிவிட முடியாது, அதன் மேல் எனக்கு இருப்பது வலுவான சந்தேகம் மட்டுமே. நீங்கள் அனுப்பிய படத்தில் சிஆர்சி நிரலுக்குப் பக்கத்து நிரல் வெட்டுப்பட்டிருக்கிறது. ‘போர்ட்எர்ஷோ’ கட்டளையில் சிஆர்சிக்கு அடுத்து ‘ஜி-இஓஎஃப்’ என்று ஒரு நிரல் வரும். ஃபிரேமின் (தரவு பயணிக்கும் பொட்டலத்தின்) கடைசிக் குறி நல்லபடியாக இருந்தும் உள்ளே தரவு கெட்டிருந்தால் அந்த நிரல் ஏறும். அது ஏறினால் பிழை இந்தக் கேபிளிலேயே, இந்த இணைப்பிலேயே பிறந்தது. சிஆர்சி மட்டும் ஏறி இது ஏறவில்லை என்றால், ஃபிரேம் வேறெங்கோ கெட்டு, கெட்டது என்ற முத்திரையோடுதான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. 2 ஸ்விட்சுகள் தொடராக இருக்கும் வலையில் இந்த ஒரு நிரல் பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும். பார்ப்பதற்கு முன் எண்ணிக்கைகளைக் கட்டாயம் பூஜ்யமாக்கிவிடுங்கள். ஸ்விட்ச் வாங்கிய நாளில் யாரோ கேபிளைப் பிடுங்கிச் செருகியபோது ஏறிய எண்களும் அதே நிரலில்தான் உட்கார்ந்திருக்கும். பூஜ்யமாக்கி, ஒரு மணி நேரம் சுமை ஓடவிட்டு, பிறகு பாருங்கள்.

ஒரு போர்ட்டின் எண்ணிக்கையில் தெரிவது ஸ்விட்சுக்கு உள்ளே வந்த ஒளியின் கதை மட்டும்தான். எனவே சந்தேகிக்க வேண்டியவை நான்கு: ஸ்டோரேஜின் எஸ்எஃப்பியில் அனுப்பும் பாதி, கேபிளில் அந்த ஓர் இழை, இரு முனைகளிலும் உள்ள இணைப்பான்கள், ஸ்விட்ச் எஸ்எஃப்பியில் பெறும் பாதி. ‘எஸ்எஃப்பிஷோ’ கட்டளை பெறும் ஒளியின் அளவை டிபிஎம்மில் சொல்லும். ஸ்டோரேஜ் தன் பக்கத்தில் அனுப்பும் அளவைச் சொல்லும். இரண்டையும் கழித்துப் பாருங்கள். 30 மீட்டர் கேபிள் தானாகத் தின்னும் ஒளி ஒரு டிபியில் பத்தில் ஒரு பங்கு போலத்தான். 3 டிபி குறைந்திருந்தால் பாதி ஒளி வழியில் போய்விட்டது என்று பொருள். அவ்வளவு ஒளியைத் தின்பது பெரும்பாலும் அழுக்கு, இல்லையென்றால் ரேக்கின் கதவிடுக்கில் மடிந்த கேபிள்.

அழுக்கு என்றால் கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நினைக்காதீர்கள். இழையின் மையத்தில் ஒளி ஓடும் பகுதி 50 மைக்ரான், ஒரு தலைமுடியை விட மெல்லியது. ஒரு முறை ஒயிட்ஃபீல்டில் ஒரு டேட்டா சென்டரில் இரவு முழுக்க எஸ்எஃப்பி, கார்டு, போர்ட் என்று மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, விடியும் நேரத்தில் இணைப்பானை ஆய்வு நுண்ணோக்கியில் வைத்தேன். திரையில் நிலவைப் போல வெள்ளையாக ஒரு வட்டம், அதன் குறுக்கே விரல் ரேகையின் வளைவுகள். யாரோ தொப்பியைக் கழற்றிய பிறகு முனையைத் தொட்டிருக்கிறார்கள். பேனா வடிவத்துச் சுத்தப்படுத்தியை முனையில் வைத்து ஒரு முறை அழுத்தினேன், ‘டிக்’ என்ற ஓசை வந்தது. மறுபடியும் நுண்ணோக்கியில் வைத்தபோது வட்டம் துடைத்து வைத்த வெள்ளித் தட்டு போல இருந்தது. பிழை அத்தோடு நின்றது. அதிலிருந்து புதிய கேபிளாக இருந்தாலும் சுத்தம் செய்யாமல் நான் எதையும் செருகுவதில்லை. உறையிலிருந்து அப்போதுதான் பிரித்த கேபிளின் தொப்பிக்குள்ளும் தூசி இருக்கும்.

ஆக வேகத்தைப் பூட்டுவதா, ஆட்டோவா என்பதற்கு வருகிறேன். இங்கே உறுதியானதையும் என் கருத்தையும் பிரித்தே சொல்கிறேன். ஆட்டோவில் இரு முனைகளும் தங்களுக்குப் பொதுவான மிக உயர்ந்த வேகத்தைத் தேடிக்கொள்ளும், கேபிளின் தரம் அந்தத் தேர்வில் கணக்கில் வராது. பூட்டினால் அந்த ஒரு வேகம்தான், எதிர்முனை அதைப் பேசாவிட்டால் இணைப்பே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் போர்ட்டில் வேகத்தை மாற்றினால் இணைப்பு ஒரு முறை விழுந்து எழும். இவை மூன்றும் உறுதி. இனி வருவது என் பழக்கம். சர்வரும் ஸ்டோரேஜும் 16 அல்லது 32 ஜியில் இருந்தால் ஆட்டோவில் விடுகிறேன், நாளை யாராவது கார்டை மாற்றினால் இரவில் என்னை எழுப்ப வேண்டியிராது. பழைய 8 ஜி கார்டுகள் சில, சர்வர் மறுதொடக்கத்தின்போது வேகம் தேடுவதில் தடுமாறி எழாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அங்கே இரு பக்கமும் 8-இல் பூட்டுகிறேன். ஒரு பக்கம் மட்டும் பூட்டுவதை நான் ஏற்பதில்லை. ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் இடையிலான இணைப்பை எப்போதும் பூட்டுகிறேன். அங்கே வேகம் சத்தமில்லாமல் குறைவதை விட இணைப்பு விழுந்து அலாரம் அடிப்பது நல்லது. இதில் என்னோடு மாறுபடும் திறமையான நண்பர்கள் உண்டு, அவர்களுடைய வலைகளும் நன்றாகவே ஓடுகின்றன.

உங்கள் 9-ஆம் போர்ட்டுக்கு என் ஆலோசனை இதுதான். உறையில் 50/125 என்றிருந்து, ஓஎம்4 கேபிள் வரும்வரை இந்தப் பிழையோடு தரவை ஓட்ட முடியாது என்றால், 16-இல் பூட்டுங்கள். அது எல்லைக்குள் நிற்கும் நேர்மையான தற்காலிக ஏற்பாடு. ஆனால் பூட்டிய தேதியையும் காரணத்தையும் எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால், 2 ஆண்டுகள் கழித்து வருபவர் 32 ஜிக்குப் பணம் கொடுத்த ஸ்டோரேஜ் ஏன் 16-இல் ஓடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். கழற்றிவிடவும் அவருக்குப் பயமாக இருக்கும்.

8 ஜியில் ஓடும் மற்ற சர்வர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு சொல். 8 ஜி வேகத்தில் மட்டும், பேச்சில்லாத நேரத்தில் கம்பியை நிரப்பும் சொல் எது என்பதில் இரு முனைகளும் ஒத்துப்போக வேண்டும். ‘ஃபில் வேர்ட்’ என்பது அதுதான். பழைய 8 ஜி ஸ்விட்சுகளில் இதற்கு 0 முதல் 3 வரை அமைப்புகள் இருந்தன, ஒத்துப்போகாவிட்டால் ‘பேட் ஓஎஸ்’ என்ற பிழை எண் (இங்கே ஓஎஸ் என்பது இயங்குதளம் அல்ல) கட்டுக்கடங்காமல் ஏறும். 3-ஐ வைத்தால் ஸ்விட்ச் ஒன்றை முயன்று பார்த்து, சரிவராவிட்டால் மற்றதற்குப் போகும். 16-க்கும் 32-க்கும் இந்தக் கவலை கிடையாது. புதிய ஸ்விட்சில் 8 ஜி சர்வர்களை இணைப்பதற்கு என்ன அமைப்பு என்று ஸ்விட்ச் நிறுவனத்தின் வெளியீட்டுக் குறிப்பில் உங்கள் ஃபேப்ரிக் ஓஎஸ் (ப்ரோகேட் ஸ்விட்சின் இயங்குதளம்) பதிப்புக்கு உரியதைப் படியுங்கள். அந்தப் பதிப்பு எண்ணை நீங்கள் குறிப்பிடவில்லை.

வேகத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது போர்ட்டின் வகை. உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேன். ப்ரோகேட் போர்ட் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தபடி விட்டால் அது எதிரில் வந்தது சர்வரா, இன்னொரு ஸ்விட்சா என்று தானே கண்டுபிடித்து, அதற்கேற்ப எஃப் போர்ட்டாகவோ இ போர்ட்டாகவோ மாறிவிடும். வசதிதான். ஆனால் 10 ஆண்டுகளுக்கு முன் நான் உதவிக்குப் போன ஓர் இடத்தில் இந்த வசதி என்ன செய்தது என்று சொல்கிறேன். ஏ ஃபேப்ரிக் ஓடிக்கொண்டிருந்தது. பி ஃபேப்ரிக்குக்கான புதிய ஸ்விட்ச் வந்தது, அதில் இன்னும் சோனிங் எதுவும் இல்லை. கேபிள் போட்டவர் ஒரு கேபிளின் ஒரு முனையை ஏ ஸ்விட்சிலும் மறுமுனையைத் தவறுதலாக பி ஸ்விட்சிலும் செருகிவிட்டார். டொமைன் எண்கள் (ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் உரிய அடையாள எண்) வேறு வேறாக இருந்தன, பி பக்கம் சோனிங் காலியாக இருந்தது, எனவே எந்த மோதலும் எழவில்லை. இரண்டும் சத்தமில்லாமல் ஒரே ஃபேப்ரிக்காக இணைந்துவிட்டன. ஏ-வின் சோனிங் முழுவதும் பி-க்குள் போனது. பிறகு பி-க்கான சோன்களையும் அதிலேயே சேர்த்தார்கள். எல்லாம் ஓடியது. சில மாதங்கள் கழித்து ஏ பக்கம் மட்டும் என்று நினைத்து ஒருவர் பழைய சோனிங் தொகுப்பு ஒன்றைச் செயல்படுத்தினார். ஒரே ஃபேப்ரிக், ஒரே சோனிங் என்பதால் பி-யின் சோன்களும் அந்த நொடியில் மறைந்தன. எல்லா சர்வர்களும் இரண்டு பாதைகளையும் ஒன்றாக இழந்தன. ஒரு பக்கம் போனால் மறுபக்கம் காப்பாற்றும் என்று நம்பித்தான் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கியிருந்தார்கள். நான் போய் ‘ஃபேப்ரிக்ஷோ’ கொடுத்தபோது ஒரே பட்டியலில் 2 ஸ்விட்சுகளும் வந்தன. அந்தத் திரையை அவர்களில் யாரும் அதுவரை பார்த்திருக்கவில்லை.

அதனால் சர்வரும் ஸ்டோரேஜும் இருக்கும் போர்ட்டுகளில் இ போர்ட்டாக மாறும் அனுமதியை நீக்கிவிடுங்கள், அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. அந்தப் போர்ட் ஒரு முறை விழுந்து எழும் என்பதால் மற்ற பாதை நலமாக இருக்கும்போது செய்யுங்கள். எதுவும் செருகப்படாத போர்ட்டுகளை நிரந்தரமாக மூடிவிடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண ‘போர்ட் டிசேபிள்’ கட்டளை ஸ்விட்ச் மறுதொடக்கம் ஆகும்வரைதான் நிற்கும், மின்சாரம் போய் வந்தால் போர்ட் திறந்துவிடும். ‘பெர்சிஸ்டென்ட்’ என்ற சொல் சேர்ந்த கட்டளைதான் மறுதொடக்கத்தையும் தாண்டி நிற்கும். அப்படி மூடியதைச் சாதாரண ‘போர்ட் எனேபிள்’ கட்டளையால் திறக்கவும் முடியாது, அதன் ஜோடிக் கட்டளையே வேண்டும். புதியவர்கள் இங்கே சிக்கிக்கொண்டு ஸ்விட்ச் கெட்டுவிட்டதாக நினைப்பதுண்டு. ‘ஸ்விட்ச்ஷோ’ திரையில் அந்தப் போர்ட்டின் ஓரத்தில் ‘பெர்சிஸ்டென்ட்’ என்றே எழுதியிருக்கும்.

20-ஆம் போர்ட்டில் ஒளிந்திருக்கும் கோளாறு எதுவும் இல்லை. 24 போர்ட் ஸ்விட்சை 8 போர்ட் மட்டும் திறந்து விற்று, மீதிக்குத் தனியாக லைசன்ஸ் கேட்பது வழக்கம். பல மாடல்களில் போர்ட்டுகள் எழும் வரிசையில் இந்த லைசன்ஸ் தானே ஒட்டிக்கொள்ளும். எனவே சோதனைக்கு என்று ஒரு நாள் செருகிப் பிடுங்கிய போர்ட் ஒன்று உங்கள் லைசன்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் போர்ட்டை மூடி, அதன் பிடியிலிருந்து லைசன்ஸை விடுவித்தால் 20-ஆம் போர்ட்டுக்குக் கிடைக்கும். புதிதாக வாங்க மேலாளரிடம் போவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இடையில் ஓர் எச்சரிக்கை. அந்த டேட்டாபேஸ் சர்வர் எந்த இயங்குதளத்தில் ஓடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது பழைய ஹெச்பி-யூஎக்ஸ் அல்லது ஏஐஎக்ஸ் என்றால், ஸ்டோரேஜ் இணைந்த போர்ட்டுகளை வசதிக்காக இடம் மாற்றாதீர்கள். ஃபைபர் சேனலில் ஒவ்வொன்றுக்கும் 24 பிட் முகவரி ஒன்று உண்டு, அதில் ஸ்விட்சின் டொமைன் எண்ணும் போர்ட்டின் இடமும் கலந்திருக்கும். லினக்ஸும் விஎம்வேரும் அந்த முகவரி மாறினால் பொருட்படுத்தாது. பழைய ஹெச்பி-யூஎக்ஸ் தன் வட்டுகளின் பெயரையே அந்த முகவரியிலிருந்துதான் உருவாக்கியது. ஏஐஎக்ஸில் முகவரி மாற்றத்தைப் பின்தொடரும் அமைப்பைத் திறந்து வைக்காவிட்டால் அதே சிக்கல் வரும். ஸ்டோரேஜின் கேபிளை 9-இலிருந்து 10-க்கு மாற்றினால் அந்த சர்வருக்கு அது வேறொரு ஸ்டோரேஜ்.

உங்கள் மும்பை கிளையில் சிஸ்கோ எம்டிஎஸ் ஸ்விட்சுகள் இருப்பதாகவும், இதே முறை அங்கும் பொருந்துமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒளி, கேபிள், எஸ்எஃப்பி பற்றிச் சொன்ன எல்லாம் அப்படியே பொருந்தும். ஒரு சில வேறுபாடுகளை மட்டும் மனதில் வையுங்கள். அங்கே ஒவ்வொரு போர்ட்டும் ஏதாவது ஒரு விசானில் (ஸ்விட்சுக்குள்ளேயே பிரித்த ஒரு தனி வலையில்) இருக்க வேண்டும். எதுவும் சொல்லாவிட்டால் 1-ஆம் விசானில் விழும். போர்ட் எழுந்தும் சர்வருக்கு வட்டு தெரியாவிட்டால் முதலில் விசானைப் பாருங்கள். வகையை எஃப் என்று நேரடியாக எழுதிவிடலாம். ப்ரோகேட்டில் போர்ட் அமைப்பை மாற்றிய உடனே அது பதிந்துவிடும். சிஸ்கோவில் ஓடும் அமைப்பைத் தொடக்க அமைப்பாக நகலெடுக்காவிட்டால் மறுதொடக்கத்தில் எல்லாம் போய்விடும்.

இந்தச் சனிக்கிழமை இரவு வேலைக்கு அனுமதி வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏ பக்கம், பி பக்கம் இரண்டையும் ஒரே இரவில் தொடாதீர்கள். சனிக்கிழமை ஏ மட்டும். தொடங்கும் முன் ஸ்விட்சின் அமைப்பைக் கோப்பாக வெளியே எடுத்து வையுங்கள். 5-ஆம் போர்ட்டின் சர்வரைத் தவிர மற்ற ஒவ்வொரு சர்வரிலும் மல்டிபாத் (ஒரே வட்டுக்குப் போகும் பல பாதைகள்) நிலையைப் பார்த்து, பி வழியாக எல்லாப் பாதைகளும் உயிரோடு இருக்கின்றன என்று உங்கள் கண்ணால் உறுதி செய்யுங்கள், சர்வர் குழுவினர் வாயால் சொன்னது போதாது. ஒரு நேரத்தில் ஒரு போர்ட், ஒரு போர்ட்டில் ஒரு மாற்றம். முதலில் 9-ஆம் போர்ட்டின் கேபிள் முனைகளை இரு பக்கமும் சுத்தம் செய்து, எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி, ஒரு மணி நேரம் காத்திருங்கள். பிழை நின்றுவிட்டால் நான் கேபிளின் மேல் கொண்ட சந்தேகம் தவறு. ஆனாலும் 30 மீட்டர் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது, கேபிளை மாற்றத்தான் வேண்டும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் எதிரில் இருப்பதன் பெயரை எழுதுங்கள், கேபிளின் இரு முனைகளிலும் அதே பெயரை ஒட்டுங்கள். பி பக்கத்தை அடுத்த சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

வாங்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஓஎம்4 கேபிளை, இரு முனையும் எல்சி இணைப்பானோடு, எஸ்.பி. ரோட்டில் நல்ல கடையாகப் பார்த்து வாங்கலாம், நானும் அவசரத்துக்கு அங்கேதான் வாங்குகிறேன். எஸ்எஃப்பியை மட்டும் அப்படி வாங்காதீர்கள். இந்த ஸ்விட்சுகள் தங்கள் நிறுவன முத்திரை இல்லாத 16, 32 ஜி எஸ்எஃப்பியைச் செருகினால் ‘மாட்யூல் இன்வேலிட்’ என்று சொல்லி ஏற்க மறுத்துவிடும், கொடுத்த பணம் வீண். 5-ஆம் போர்ட்டுக்கான 16 ஜி எஸ்எஃப்பியை ஸ்விட்ச் விற்றவரிடமே கேளுங்கள். 2 கேளுங்கள், பி ஸ்விட்சிலும் அதே சர்வரின் இரண்டாவது கார்டு இதே நிலையில்தான் நின்றுகொண்டிருக்கும்.